படகுக்குள் ஒரு கணப்பு

ஜனவரி மாதத்து இரவு. இங்கிலாந்தின் உட்பகுதியில் ஒரு கால்வாய். கரையோரமாக நீண்ட எஃகுப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லிய பனிக்கட்டி படிந்திருக்கிறது. ஆனால் படகுகளின் ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. உள்ளே மனிதர்கள் சமைக்கிறார்கள், படிக்கிறார்கள், உறங்குகிறார்கள். கூர்ந்து கேட்டால் ஒரு படகின் பக்கத்திலிருந்து மெல்லிய இரைச்சலும், அதனூடே 'டிக், டிக், டிக்' என்று கடிகாரம் போன்ற ஓசையும் கேட்கும். அந்தப் படகில் டீசல் ஹீட்டர் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்தக் கால்வாய்கள் நேற்று வெட்டப்பட்டவை அல்ல. மான்செஸ்டர் நகருக்கு நிலக்கரி கொண்டுவருவதற்காகப் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் பரவின. மேட்டிலும் பள்ளத்திலும் படகை ஏற்றி இறக்கக் கதவுகள் கொண்ட நீர்த்தொட்டிகளைக் கட்டினார்கள். பல கால்வாய்களில் இத்தொட்டிகளின் அகலம் சுமார் 7 அடிதான். எனவே அவற்றில் செல்லும் படகும் 7 அடிக்குச் சற்றுக் குறைவான அகலமே உடையது. இரயில் வந்து சரக்குப் போக்குவரத்தைப் பறித்துக்கொண்ட பிறகு, இப்படகுகள் உல்லாசப் படகுகளாகவும் வீடுகளாகவும் மாறின. இன்று ஆயிரக்கணக்கானோர் ஆண்டு முழுவதும் இவற்றில் குடியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட படகு ஒன்றுக்கு நீங்கள் சொந்தக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் வரப்போகிறது. கணப்பு வேண்டும். கடையில் விசாரிக்கிறீர்கள். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் முதலிய கம்பெனிகள் செய்யும் டீசல் ஹீட்டரை, படகுக்கு வேண்டிய உதிரிகளோடு வாங்கினால் ஏறத்தாழ 1,000 பவுன் ஆகும். சீனாவிலிருந்து வரும் ஹீட்டர் பார்வைக்கு அதைப் போலவே இருக்கிறது. விலையோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எதை வாங்குவீர்கள்?

'மலிவானது மட்டம்' என்று சொல்லிவிடுவது எளிது. 'பெயருக்குத்தான் விலை, உள்ளே இருப்பது ஒன்றுதான்' என்று சொல்வதும் எளிது. இரண்டுமே ஆராயாமல் சொல்லும் பதில்கள். ஹீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

படகின் தங்கும் அறை 12 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கன அளவு சுமார் 41 கன மீட்டர். கூரை, தரை, சுவர்கள் எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். வெப்பம் வெளியேறுவது இந்தப் பரப்பின் வழியாகத்தான்.

எஃகுத் தகட்டின் உட்புறத்தில், வெப்பத்தை எளிதில் கடத்தாத நுரைப்பொருளைத் தெளித்துப் பதித்திருப்பார்கள். சுவரையும் ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்துச் சராசரி பார்த்து, உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரும் 1 வாட் வெப்பத்தை இழக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்றால், 100ஐ 20ஆல் பெருக்க, 2,000 வாட். அதாவது 2 கிலோவாட். நம் வீட்டு மின்சார அடுப்பு ஒன்று தரும் அளவு வெப்பம் இடைவிடாமல் கிடைத்தால் போதும். இந்த 2 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

திறந்த அடுப்பு ஏன் கூடாது?

2 கிலோவாட் வெப்பத்துக்கு ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் போதுமே, அதை அறையின் நடுவில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 லிட்டர் டீசலோ மண்ணெண்ணெயோ எரியும்போது ஏறத்தாழ 10 கிலோவாட் மணி அளவு வெப்பம் பிறக்கிறது. ஆகவே 2 கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்கு 0.2 லிட்டர், குளிர்காலத்தின் 10 மணி நேர இரவுக்கு 2 லிட்டர் எண்ணெய் எரிய வேண்டும்.

1 கிலோ டீசல் முழுமையாக எரிய 14.5 கிலோ காற்று தேவை. 1 லிட்டர் டீசலின் எடை சுமார் 0.84 கிலோ, 1 கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. பெருக்கி வகுத்துப் பார்த்தால், 1 லிட்டருக்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று ஆகிறது. இரவு முழுவதும் 20 கன மீட்டர். நம் அறையே 41 கன மீட்டர்தான். ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்தால் அறையிலுள்ள பிராணவாயுவில் பாதியை அடுப்பே தின்றுவிடும்.

இதோடு முடியவில்லை. டீசலில் கரியும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. கரி எரிந்து கரியமில வாயுவாகிறது. ஹைட்ரஜன் எரிந்து நீராகிறது. 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும்! எரிகிற நெருப்பிலிருந்து தண்ணீர் பிறக்கிறது என்பது நம்பச் சற்றுக் கடினமாக இருக்கலாம். ஆனால் இரசாயனச் சமன்பாடு பொய் சொல்லாது. இரவு முழுவதும் 2 லிட்டர் தண்ணீரை அறைக்குள் ஆவியாக ஊற்றினால் என்னவாகும்? ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, குளிர்ந்த எஃகிலும் கண்ணாடியிலும் ஆவி நீராகப் படிந்து வழியும். மெத்தை ஈரமாகும், மரம் பூசணம் பிடிக்கும், இரும்பு துருவேறும்.

ஆக, நெருப்பின் வெப்பம் நமக்கு வேண்டும். நெருப்பு வெளிவிடும் காற்று வேண்டாம். வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காற்றை வெளியே அனுப்பும் கருவிதான் டீசல் ஹீட்டர்.

சந்திக்காத இரண்டு காற்றுகள்

ஒரு சிறு பெட்டி அளவே உள்ள இந்தக் கருவியைத் திறந்தால், நடுவில் அலுமினிய வார்ப்பாலான ஒரு குடுவை இருக்கும். அதன் வெளிப்புறத்தில் மீன் துடுப்பு போன்ற தகடுகள் வரிசையாக எழும்பி நிற்கும். குடுவைக்குள் எரியறை. தலைப்பக்கத்தில் ஒரே ஒரு மோட்டார். அதன் அச்சின் இரு முனைகளிலும் இரண்டு விசிறிகள்.

உள்முனையிலுள்ள சிறிய விசிறி, வெளியிலிருந்து ஒரு குழாய் மூலம் காற்றை இழுத்து எரியறைக்குள் செலுத்துகிறது. எரிந்த பின் அது புகைக்குழாய் வழியே படகுக்கு வெளியே போய்விடுகிறது. மற்ற முனையிலுள்ள பெரிய விசிறி, அறையின் காற்றை இழுத்துத் தகடுகளின் மேல் ஓடச் செய்து, சூடாக்கி அறைக்கே திருப்பி அனுப்புகிறது. ஒரே அச்சில் சுழலும் இரண்டு விசிறிகள் இரண்டு காற்றுகளை நகர்த்துகின்றன. ஆனால் அந்தக் காற்றுகள் இரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. நடுவில் அலுமினியச் சுவர் நிற்கிறது. வெப்பம் சுவரைக் கடக்கிறது, புகை கடப்பதில்லை.

எரியறையில் நெருப்பு பற்றுவது எப்படி? டீசல் பெட்ரோலைப் போலப் பொறிபட்டதும் பற்றிக்கொள்ளாது. ஆகவே 'குளோ பிளக்' எனப்படும் மின்கம்பி முளை ஒன்று முதலில் பழுக்கக் காய்கிறது. அதனருகே உள்ள மெல்லிய கம்பி வலையில் டீசல் கசிந்து பரவி ஆவியாகித் தீப்பிடிக்கிறது. சில நிமிடங்களில் நெருப்பு தானே நிலைத்து எரியத் தொடங்கியதும் குளோ பிளக் அணைந்துவிடும்.

நிறுத்தும்போதும் ஒரு முறை உண்டு. முதலில் டீசல் மட்டும் நிற்கும். விசிறி இன்னும் சில நிமிடங்கள் ஓடிக் குடுவையைக் குளிரவைத்த பிறகுதான் ஓயும். அவசரப்பட்டு பாட்டரி இணைப்பைத் துண்டித்தால், குடுவையில் தேங்கிய வெப்பம் போக வழியின்றி உள்ளிருக்கும் மின்கருவிகளையே பொசுக்கிவிடக்கூடும்.

இந்த அமைப்பு பல ஆண்டுகளாக லாரிகளில் பயன்பட்டு வருவது. இரவில் லாரியிலேயே உறங்கும் ஓட்டுநருக்காக வளர்ந்த கருவி இது. மலிவான ஹீட்டரும் விலை உயர்ந்த ஹீட்டரும் தத்துவத்தில் ஒன்றே. நெருப்புக்கு விலைச்சீட்டைப் படிக்கத் தெரியாது. இரண்டிலும் 1 லிட்டர் டீசல் தருவது அதே வெப்பம்தான்.

'டிக், டிக்' சொல்லும் உண்மை

நாம் கரையில் நின்று கேட்ட 'டிக்' ஓசை டீசல் பம்பினுடையது. அதனுள் ஒரு மின்காந்தம் சிறு உலக்கை ஒன்றை இழுத்து இழுத்து விடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அளந்து வைத்தாற்போல் ஒரு துளி டீசல் எரியறைக்குப் போகிறது. ஒரு துடிப்பின் அளவு பம்பின் மேலேயே பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். 1,000 துடிப்புக்கு 22 மில்லிலிட்டர் என்பது இத்தகைய பம்புகளில் சாதாரணமாகக் காணும் அளவு.

மாணவர்கள் இங்கே ஒரு சோதனையைக் கவனிக்க வேண்டும். ஒரு கைக்கடிகாரம் மட்டும் இருந்தால், ஹீட்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு உண்மை பேசுகிறதா என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து ஒரு நிமிடம் எண்ணுகிறீர்கள். 300 துடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18,000. ஆயிரத்துக்கு 22 வீதம் 396 மில்லிலிட்டர், ஏறத்தாழ 0.4 லிட்டர். 1 லிட்டருக்கு 10 கிலோவாட் மணி ஆகையால், எரியறையில் பிறக்கும் வெப்பம் 4 கிலோவாட். இதில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். ஐந்தில் நான்கு பங்கு அறைக்கு வருகிறது என்றால் நமக்குக் கிடைப்பது 3.2 கிலோவாட்.

அந்தப் பெட்டியின் மேல் '8 கிலோவாட்' என்று எழுதியிருந்தால்? உண்மையாகவே 8 கிலோவாட் அறைக்குள் வரவேண்டுமானால் எரியறையில் 10 கிலோவாட் பிறக்க வேண்டும். அதற்கு மணிக்கு 1 லிட்டர் டீசல் வேண்டும். அந்தப் பம்பு நொடிக்கு 12 தடவைக்கு மேல் துடிக்க வேண்டும். அது நொடிக்கு 5 தடவைதான் துடிக்கிறது என்றால், சீட்டில் எழுதியிருப்பது விற்பனைக்கான எண். வெப்பத்தின் எண் அல்ல. மலிவுச் சந்தையில் '5' என்றும் '8' என்றும் எழுதி விற்கப்படும் ஹீட்டர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே அளவுக் குடுவை இருப்பது உண்டு.

பெரியது நல்லது அல்ல

'பரவாயில்லை, விலை ஒன்றுதானே, பெரிதாகவே வாங்கிக்கொள்வோம். தேவைப்பட்டால் குறைத்து வைத்துக்கொள்ளலாம்' என்று தோன்றும். இங்கேதான் 2 என்ற எண்ணை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

நம் படகுக்குக் கடுங்குளிரிலேயே 2 கிலோவாட்தான் தேவை. மற்ற நாட்களில் அதிலும் பாதி போதும். பெரிய ஹீட்டரை வாங்கினால், அது வாழ்நாளில் பெரும்பகுதியும் மிகக் குறைந்த நிலையில் முனகிக்கொண்டே எரியும். அப்போது எரியறை போதிய சூட்டை அடைவதில்லை. டீசல் முழுமையாக எரியாமல் கரியாகப் படிகிறது. பம்ப் ஸ்டவ்வைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நன்றாகக் காய்ந்து நீலச் சுடரோடு எரியும்போது பாத்திரத்தில் கரி பிடிப்பதில்லை. சூடு போதாமல் மஞ்சளாக எரியும்போதோ பாத்திரம் கறுத்துப்போகும்.

கரி முதலில் குளோ பிளக்கைச் சுற்றியுள்ள கம்பி வலையை அடைக்கும். பிறகு புகை போகும் வழியைக் குறுக்கும். வழி குறுகினால் உள்ளே வரும் காற்று குறையும். காற்று குறைந்தால் இன்னும் அதிகமாகக் கரி படியும். ஆகவே தேவைக்கு ஏற்ற அளவில் வாங்குவதும், அவ்வப்போது சிறிது நேரம் முழு வேகத்தில் எரியவிட்டு உள்ளே படிந்த கரியை எரித்துவிடுவதும் நல்லது.

மெல்லிய கம்பியின் வேலை

ஹீட்டர் சரியாகப் பற்றவில்லை என்று குறை கூறுவோர் பலர். அவர்களில் சிலருடைய குறைக்குக் காரணம் ஹீட்டர் அல்ல, ஓம் விதி.

குளோ பிளக் பழுக்கும் சில நிமிடங்களுக்கு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர் மின்சாரத்தை அது இழுக்கும். பாட்டரி படகின் ஒரு கோடியிலும் ஹீட்டர் சற்றுத் தள்ளியும் இருந்தால், போக வர 10 மீட்டர் கம்பி தேவைப்படலாம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியானால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.17 ஓம். 10 ஆம்பியரால் பெருக்க, 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. பாட்டரியில் 12 இருந்தும் ஹீட்டருக்கு எட்டுவது 10.3தான். மின்னழுத்தம் போதவில்லை என்று கண்டு கருவி தானே நின்றுவிடும். இதற்குத் தடித்த கம்பியே மருந்து. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு கால் பங்காகக் குறையும்.

இதுவரை கண்ட குறைகள் எல்லாம் பணத்தோடும் சிரமத்தோடும் போகிறவை. இனி வருவது அப்படிப்பட்டது அல்ல.

லாரிக்கு வெளியே, படகுக்கு உள்ளே

லாரியில் இந்த ஹீட்டரைத் தரைத்தகட்டின் மேல் பொருத்துவார்கள். காற்றை உறிஞ்சும் குழாயும் புகைக்குழாயும் ஹீட்டரின் அடிப்பக்கத்திலேயே உள்ளன. தரையில் துளையிட்டு, அடியில் ரப்பர் அடைப்பு வைத்து இறுக்கிவிட்டால், இரண்டு குழாய்களும் நேராக லாரிக்கு அடியில் போய்விடும். புகைக்குழாயின் இணைப்பு கொஞ்சம் கசிந்தால்கூடக் கசிவது திறந்த வெளியில்தான். சைலன்சர் அங்கேதான் தொங்குகிறது. அதில் தேங்கும் நீர் வடிவதற்காகச் சிறு துளை விட்டிருப்பார்கள். தகட்டு விளிம்புகளை வெறுமனே மடித்து மூடியிருப்பார்கள். லாரிக்கு அது போதும்.

இப்போது அதே ஹீட்டரைப் படகில் வைத்துப் பாருங்கள். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது? படகின் அடித்தட்டு, அதற்கும் கீழே தண்ணீர். குழாயைக் கீழே விட முடியாது. பக்கவாட்டில் கொண்டுபோய், நீர்மட்டத்துக்கு மேலே படகின் சுவரில் துளையிட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். அப்படியானால், லாரியில் வெளியே இருந்த அந்தக் குழாயும் இணைப்புகளும் சைலன்சரும் படகில் உள்ளே வந்துவிடுகின்றன. மடித்து மூடிய விளிம்பும் நீர் வடியும் துளையும் இப்போது நாம் மூச்சுவிடும் காற்றில் திறக்கின்றன. இரண்டு காற்றுகளையும் பிரிக்க எரியறையில் அவ்வளவு கவனமாக எழுப்பிய சுவர், புகைக்குழாயின் இணைப்பில் ஓட்டையாகிப் போகிறது.

மலிவு ஹீட்டரோடு ஒரே அட்டைப்பெட்டியில் வருகிற புகைக்குழாயும் கிளிப்புகளும் சைலன்சரும் பெரும்பாலும் இந்த லாரி வகைதான். பெட்டியில் எல்லாம் இருக்கிறது என்ற திருப்தியில் அவற்றையே படகில் மாட்டிவிடுவதுதான் ஆபத்து. படகுக்கென்று செய்யப்படும் சைலன்சர் துளையின்றி, விளிம்புகள் பற்றவைக்கப்பட்டு, வாயு கசியாதபடி இருக்கும். சுவரில் பொருத்தும் வாய்ப்பூட்டும் தனி வகை. புகை பல நூறு டிகிரி சூட்டில் வருவதால், குழாயைச் சுற்றித் தீப்பிடிக்காத உறை வேண்டும். அலையடித்து நீர் உள்ளே புகாதபடி குழாய் மேலே வளைந்து இறங்க வேண்டும்.

மணமில்லாத வாயு

புகை கசிந்தால் நாற்றமடிக்காதா, இருமல் வராதா? வந்தால் நல்லதுதான். ஆனால் நம்மைக் கொல்லக்கூடிய பொருள் நாற்றமடிப்பதில்லை.

போதிய காற்றோடு எரியும் கரி, கரியமில வாயுவாகிறது. காற்று குறைந்தால், அல்லது சுடர் குளிர்ந்த சுவரில் பட்டு அணைந்தால், பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காற்றின் எடையே ஏறத்தாழ இதற்கும். ஆதலால் மேலே போவதுமில்லை, கீழே தங்குவதுமில்லை, அறையெங்கும் கலந்துவிடுகிறது.

நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. இதன் விளைவை ஒரு சிறு கணக்கு காட்டும். காற்றில் பிராணவாயு 21 சதவீதம். இதன் 210இல் ஒரு பங்கு 0.1 சதவீதம். அதாவது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தாலே போதும். அந்தக் காற்றைத் தொடர்ந்து சுவாசித்தால், ஹீமோகுளோபினில் பாதியை அது கைப்பற்றிவிடும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். ஏதோ ஜலதோஷக் காய்ச்சல் என்றே தோன்றும். உறக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகளும் தெரியாது, அவர் விழிப்பதேயில்லை.

இந்த வாயுவை முறையாக ஆராய்ந்தவர்களுள் ஜான் ஸ்காட் ஹால்டேன் முக்கியமானவர். 1890களில் அவர் தாமே அதைச் சுவாசித்து விளைவுகளைக் குறித்துக்கொண்டார். சிறு பிராணிகளை மனிதருக்கு முன்பே அது தாக்கும் என்று கண்டு, சுரங்கங்களுக்குள் அவற்றை எடுத்துச் செல்லச் சொன்னார். கூண்டில் கேனரிக் குருவியோடு இறங்கும் பிரிட்டிஷ் சுரங்க வழக்கம் அப்படிப் பிறந்தது. 1986இல்தான் மின்னணுக் கருவிகள் அந்தக் குருவிகளுக்கு ஓய்வு கொடுத்தன.

2019 டிசம்பரில், இங்கிலாந்தின் யார்க் நகரில் ஊஸ் நதிக்கரையில் கட்டப்பட்டிருந்த 'டைவர்ஷன்' என்ற படகில் இருவர் இறந்து கிடந்தனர். கடல் விபத்துகளை ஆராயும் பிரிட்டிஷ் அரசின் பிரிவு விசாரித்தது. படகின் டீசல் ஹீட்டருடைய புகைக்குழாய் அமைப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று தெரிந்தது. அதில் பொருத்தியிருந்த சைலன்சர் படகுக்கானது அல்ல. எச்சரிக்கை மணியும் படகில் இல்லை. குற்றம் நெருப்பில் இல்லை. நெருப்பின் காற்றை வெளியே கொண்டுபோக வேண்டிய குழாயில் இருந்தது.

வாங்குவோர் கணக்கு

இப்போது நம் பழைய கேள்விக்கு வருவோம். மலிவு ஹீட்டரை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் 'பத்தில் ஒரு பங்கு விலை' என்ற கணக்கோடு வாங்கக் கூடாது. பெட்டியோடு வந்த லாரிச் சைலன்சரை ஒதுக்கிவிட்டு, வாயு கசியாத சைலன்சர், நல்ல துருப்பிடிக்காத எஃகுக் குழாய், உறுதியான கிளாம்ப், சுவர் வாய்ப்பூட்டு, வெப்ப உறை ஆகியவற்றைத் தனியே வாங்க வேண்டும். எரிவதற்கான காற்றைப் புகை வெளிவரும் வாய்க்குத் தொலைவிலிருந்து எடுக்க வேண்டும். தடித்த கம்பி போட வேண்டும். வேலை தெரிந்தவரைக் கொண்டு பொருத்த வேண்டும். ஆண்டுதோறும் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். படகு அதிரும், குழாய் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும், இறுக்கியது தளரும். இவற்றையெல்லாம் சேர்த்தாலும் மொத்தச் செலவு விலை உயர்ந்த ஹீட்டரைவிடக் குறைவாகவே முடியலாம். ஆனால் முதலில் நினைத்த தொகை அல்ல அது. உயர்ந்த விலையில் ஒரு பகுதி, சோதித்துப் பார்த்த உறுதிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் தெளிவான பொருத்தும் முறைக்கும் நாம் தருவது. அவற்றை வாங்காதவர் அந்த வேலையைத் தாமே செய்தாக வேண்டும்.

எந்த ஹீட்டரானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி கட்டாயம் வேண்டும். இதற்கும் புகை மணிக்கும் வேறுபாடு உண்டு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. படகுகளுக்கும் வண்டிகளுக்கும் உரிய ஐரோப்பியத் தரத்தின்படி, காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு இந்த வாயு இருந்தால் 3 நிமிடத்துக்குள் மணி ஒலிக்க வேண்டும். 50 பங்கானால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்க வேண்டும். பிரிட்டனின் படகுப் பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் இந்த மணியைக் கட்டாயமாக்கியது. மணியின் விலையோ மலிவு ஹீட்டரின் விலையிலும் ஒரு சிறு பங்குதான்.

நமக்கு இங்கே பனி உறைந்த கால்வாய்கள் இல்லை. ஆனால் மலை ஊர்களில் குளிர் தாங்காமல் அடைத்த அறைக்குள் கரியடுப்பை வைத்துவிட்டு உறங்குவோர் உண்டு. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசரை எரியவிடுவோரும், மின்சாரம் போனதும் கடையின் உள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டுவோரும் உண்டு. அங்கெல்லாம் இரண்டு காற்றுகளையும் பிரிக்கும் சுவரே கிடையாது. அடுத்த முறை மூடிய அறையில் நெருப்பு எரிவதைக் கண்டால், இந்த நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வருகிறது, எரிந்த காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.